ஒட்டகத்தாரும் உட்கார மறுத்த வண்டியும்

தாமிரபரணி மலையிலிருந்து இறங்கிக் கடலில் கலக்கிற வரைக்கும் எத்தனையோ படித்துறைகளில் எத்தனையோ கால்களை நனைத்திருக்கிறது. ஆனால் அதன் கரையில் பிறந்தவர்களிலேயே மிகக் குறைவாகத் தரையில் கால் வைத்தவர் ஒட்டகத்தார்தான். இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். சித்தர்கள் அந்தரத்தில் நடந்ததாகச் சொல்கிறார்கள்; அதற்கு அவர்கள் தவம் செய்ய வேண்டியிருந்தது. ஒட்டகத்தாருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் போதுமாயிருந்தது.

டவுணில் ரதவீதிக்குப் பின்னால், அல்வாக் கடையின் நெய் வாசம் சுவரேறிக் குதித்து வந்து விழுகிற சந்தில் அவருடைய ஷெட். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தெருவுக்கு அது தெரியாது. தெருவுக்குத் தெரிந்த பெயரை அவருக்குக் கொடுத்தது வண்டி.

நாங்களெல்லாம் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த வயதில், ஒரு கம்பெனி காட்டிலும் மேட்டிலும் ஓடுவதற்கென்றே ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டுவந்தது. முன் மட்கார்டு சக்கரத்தைத் தொடாமல் ஒரு முழம் மேலே மூக்கை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். சைலன்சர் இடுப்பு உயரத்தில் போகும். சீட்டு அதற்கும் மேலே, மச்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி. நம் ஜனங்கள் அதைச் சுற்றிவந்து பார்த்தார்கள். பொண்டாட்டி சேலையைப் பிடித்துக்கொண்டு எப்படி ஏறுவாள் என்று கேட்டார்கள். அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். பிறகு தாழ்வாக வேறொரு வண்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனியும் கொஞ்ச காலம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது. யாரோ அதை ஒட்டகம் என்றார்கள். வண்டி போயிற்று, பெயர் நின்றது.

செத்த ஒட்டகங்களை ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவர் நம் அண்ணாச்சி. ஆலங்குளத்தில் ஒன்று கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அம்பாசமுத்திரத்தில் ஒன்றின் மேல் சுரைக்கொடி ஏறிக் காய்த்திருந்தது. காயோடு வாங்கி வந்தார். இப்படிச் சேர்த்த எலும்புகளிலிருந்து முழுசாக ஒன்றை எழுப்பி நிறுத்தியிருந்தார். அதை இந்தக் காலத்துப் பையன்கள் ஓட்டுகிற மாதிரி புதுசாகக் கட்டித் தரலாம், ஒன்று ஓடினால் மற்றதெல்லாம் பின்னாலேயே எழுந்து வரும் என்பது அவருடைய கனவு.

"இது அவசரப்பட்டு முன்னாடியே பொறந்துட்டுவே," என்பார். "இப்பதான பயலுக மலை மலைன்னு அலையுதானுவ. இது இந்தக் காலத்து வண்டி."

இதில் ஒரே ஒரு சிக்கல். ஒட்டகத்தார் குள்ளம். சாதாரணக் குள்ளமில்லை, கோயில் கூட்டத்தில் அவரைத் தேட வேண்டுமென்றால் கூட்டத்தில் எங்கே பள்ளமிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டிமேல் உட்கார்ந்தால் இரண்டு கால்களும் கடிகாரப் பெண்டுலம் போலத் தொங்கும். தரைக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு நாய் தாராளமாகக் குறுக்கே போகலாம். போயிருக்கிறது.

ஆகவே டவுண் முழுவதும் கால் ஊன்றும் இடங்களாகத்தான் அவருக்குத் தெரியும். இந்த மாவு மில்லின் படி, அந்தத் துணிக்கடையின் திண்டு, போலீஸ்காரர் நிற்கிற குடைமேடை. காய்கறி வாங்க வேண்டுமென்றால் மேடு இருக்கிற கடையில்தான் வாங்குவார். கத்தரிக்காய் சொத்தையாக இருந்தாலும் கடைக்கு முன்னால் நல்ல கல் கிடக்கும். மேட்டில் வேறு யாராவது நின்றுவிட்டால், அவர் நகர்கிறவரை ரதவீதியைச் சுற்றிச் சுற்றி வருவார். ஒருமுறை ஒரு கல்யாண கோஷ்டி நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்கிற வரை சுற்றினார், சாமி புறப்பாடு மாதிரி. சிக்னலில் டவுண் பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் பச்சை விழுந்தும் விட மறந்துவிட்டார். பஸ்ஸோடேயே இரண்டு ஸ்டாப் போனார். கண்டக்டர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி டிக்கெட் கேட்டதாகவும், இவர் பாஸ் இருக்கிறது என்று சொன்னதாகவும் தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் நம்பினேன்.

நான் அந்தச் சந்துக்குக் குடிவந்த அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்புக்குக் கீழே பார்த்தார். மாடு வாங்குகிறவர் பார்வை.

"உம்ம காலு நல்லாருக்குவே," என்றார். "ஞாயித்துக்கிழமை என்ன சோலி?"

வாழ்நாள் முழுக்க என் உயரத்தால் எனக்குக் கிடைத்தது நிலைப்படியின் இடி மட்டும்தான். பரணில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம் அதற்கு அடுத்தது. முதல்முறையாக ஒருவர் அதற்கு மரியாதை கொடுத்தார். அன்றிலிருந்து நான் ஒட்டகத்தின் ஸ்டாண்ட். அவர் ஓட்டுவார்; பின்னால் நான். வண்டி நிற்கும்போது, "ஊனும்" என்பார். ஊன்றுவேன். கிளம்பும்போது, "எடும்" என்பார். எடுப்பேன். ஓட்டத் தெரிந்தவருக்குக் கால் எட்டவில்லை, கால் எட்டுகிறவனுக்கு ஓட்டத் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு மனிதனாக ஆற்றங்கரை முழுக்கத் திரிந்தோம். வயல்காற்று, வாழைத்தோப்பு, தண்ணீர் தளும்பும் கால்வாய், எங்கள் பின்னால் ஒரு மைல் நீளத்துக்கு நீலப் புகை.

மதினி, அதாவது அவர் மனைவி, எங்களை வழியனுப்பும்போது ஒன்றும் சொல்ல மாட்டாள். திரும்பி வந்தால்தான் சொல்வாள். "ரெண்டு பேரா போயி ரெண்டு பேராத்தான வந்திருக்கிய? எண்ணிப் பாத்துக்கிடுங்க."

அந்த வருடம் ஆனித் தேருக்குப் பெங்களூரிலிருந்து மகன் வந்தான். நல்ல பையன். அப்பாவின் கைகளைப் பிடித்துப் பார்த்தான். கிக்கரை உதைத்து உதைத்து வலது முட்டி வீங்கியிருந்ததையும் பார்த்தான். தேர் நிலைக்கு வந்த மறுநாள், நான் இருக்கும்போதே சொன்னான்.

"ஒரே ஒரு ஆளு, ஒரு ஆளாவது இந்த வண்டிய வாங்கி ஓட்டுதான்னு காட்டுங்கப்பா. நான் வாயே தொறக்க மாட்டேன். கார்த்திகைக்குள்ள யாரும் வரலன்னா ஷெட்ட விட்டுட்டு அம்மையக் கூட்டிட்டு எங்கூட வந்துரணும்."

ஒட்டகத்தார் சம்மதித்தார். வீம்பில் சம்மதித்தார். மகன் வீடு ஒன்பதாவது மாடியில் இருந்தது. அவன் ரயிலேறிய பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "அங்கன காரு, வண்டி எல்லாம் பூனை மாதிரி போவுதுவே. ஒரு சத்தம் கிடையாது. நான் எதைக் கேட்டுட்டு உக்காந்திருப்பேன்?"

ஆடியில் இந்தக் காலத்து ரைடர்கள் வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள். நான் செல்போனில் ஏற்றிவைத்த படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். முழங்காலுக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம், நெஞ்சுக்குக் கவசம். போருக்குப் போகிற வழியில் அல்வா வாங்க இறங்கியவர்கள் போலிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் குழந்தைகளாகிவிட்டார்கள். ஒட்டகத்தார் கழுத்து எட்டுகிற அளவுக்கு நிமிர்ந்து நின்றார். அப்புறம் ஒரு பையன் கேட்டான், செல்போன் சார்ஜ் பண்ண இடம் இருக்கா என்று.

"எதுக்கு?"

"மேப் பாத்து ஓட்டணும்ல அண்ணா."

"காட்டுல தொலையத்தானடே போறிய? அதுக்கு எதுக்கு மேப்பு?"

இன்னொருவன் செல்ஃப் ஸ்டார்ட் வைத்துத் தரமுடியுமா என்றான். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைத்தால் இன்றைக்கே பேசி முடித்துவிடலாம் என்றான் அடுத்தவன். நியாயமான பையன்கள், கேட்டதும் நியாயம்தான். பின்னாலிருந்து நான் கண்ணைக் காட்டினேன், மதினி உள்ளேயிருந்து பாத்திரத்தைத் தட்டினாள். ஒட்டகத்தார் வண்டியின் டேங்கில் கை வைத்துக்கொண்டு, "ஒட்டகத்துக்குப் பல்செட்டு மாட்ட மாட்டேன்," என்று சொல்லிவிட்டார். பையன்கள் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு, கால் கிலோ அல்வாவும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆடி போனது. ஆவணியும் அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஷெட்டுக்கு வெளியே ஒரு புரோக்கர் வந்து சந்தின் அகலத்தைக் காலடியால் அளந்துவிட்டுப் போனார். ஒட்டகத்தார் அன்று முழுக்க ஒரே போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை மணிமுத்தாறுப் பக்கம் போயிருந்தோம். மலையடிவாரத்தில், தார் ரோடு முடிந்து சரளையும் பாறையுமாக ஆரம்பிக்கிற ஒரு வண்டிப்பாதை. நடுவே ஓர் ஓடை. ஓடைக்குள் ஒரு ஸ்கூட்டர் மூச்சடங்கி நின்றது. பக்கத்துப் பாறையில், மிக்ஸி அட்டைப்பெட்டிமேல் கால்மேல் கால் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகில் தன்னைவிடப் பெரிய பை. பெயர் ரஹ்மத், ஊர் பத்தமடை, ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்களுக்குப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அடிவாரத்து ஊர்கள் அத்தனையும் அவள் பொறுப்பு.

"மலைமேல இருக்கவங்கதான் மிக்ஸி, கிரைண்டர், பீரோன்னு கனமா ஆர்டர் போடுதாங்க," என்றாள். "கீழ உள்ளவங்க பொட்டு, பாசி, வளையலு."

மிக்ஸியை நான் மடியில் வைத்துக்கொள்ள, ஒட்டகத்தார் அந்தச் சரளையில் சீறிக்கொண்டு ஏறி, கொடுக்க வேண்டிய வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம். அவள் ஓடைக்குள் நின்றபடியே வண்டியைப் பார்த்தாள். கொக்கு மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இந்த வண்டி தனக்கு வேண்டும் என்றாள். ஒட்டகத்தாரின் கண்ணில் தேர் ஓடியது. அடுத்த நொடி அவள், "ஆனா எனக்குக் காலு எட்டணும்," என்றாள். அப்போதுதான் அவள் கரையேறி எங்கள் பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்தோம். ஒட்டகத்தாரைவிட ஒரு விரல் குட்டை.

தேர் நின்றுவிட்டது. வண்டியின் உயரத்தில் கை வைக்க முடியாது என்றார் அவர். அந்த உயரம்தான் வண்டி. அதனால்தான் பாறை அடியில் இடிக்காமல் போகிறது. வண்டி மனுசனுக்காக மாறாது, மனுசன்தான் வண்டிக்காக மாறணும். இவ்வளவையும் என் காலின் தயவில் நின்றுகொண்டு சொன்னார்.

ரஹ்மத் பொறுமையாகக் கேட்டாள்.

"நெச ஒட்டகமே ஆளு ஏறணும்னா கீழ உக்காருது அண்ணாச்சி," என்றாள். "ஒங்க ஒட்டகத்துக்கு மட்டும் என்ன கிராக்கி?"

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பேட்டை என்று ஊர் ஊராகக் கடந்து டவுணுக்கு வந்தோம். ஷெட் வாசலில் ஒட்டகத்தார், "ஊனும்" என்று சொல்லக்கூட மறந்துவிட்டார். நானாக ஊன்றினேன். இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். தன் கால்களைக் குனிந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் தனக்கென்றுகூட அவர் இந்த வண்டியைத் தாழ்த்தியதில்லை. அதை இப்போதுதான் யோசிக்கிறார் போலிருந்தது.

மறுநாள் காலை வண்டி பிரித்துக் கிடந்தது.

புரட்டாசி முழுக்க வேலை. பின்பக்க ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்கினார். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கை இறக்கினார். எஞ்சினுக்கு அடியில் கல் பட்டால் தாங்குகிற மாதிரி ஒரு தகடு அடித்தார். பார்சல் வைக்கப் பின்னால் கம்பியில் ஒரு கூடை, செல்போனுக்குச் சார்ஜ் போட ஒரு ஓட்டை. அதை மட்டும் நான் கவனிக்காத நேரத்தில் வைத்திருந்தார். "வீட்டுக்காரங்க நம்பர அடிச்சுப் பாக்கணும்லா, பாவம்," என்றார், நான் ஒன்றும் கேட்காமலேயே.

சீட்டின் ஸ்பஞ்சைச் செதுக்கித் தள்ளியதில் சீட்டு அம்மிக்கல்லாகிவிட்டது. மேலே ரெக்சின் போட்டால் நம் ஊர் வெயிலில் தோசைக்கல்லும் ஆகிவிடும். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ரஹ்மத்தின் உம்மா பத்தமடையில் பாய் நெய்கிறவர். மடித்தால் சட்டைப்பைக்குள் போகிற மாதிரி மெல்லிய பட்டுப்பாய். சீட்டுக்குப் பாய். குளுமை, கௌரவம், உலகத்தில் எந்தக் கம்பெனிக்காரனுக்கும் தோன்றாதது. உம்மாவும் மகள் உட்காரப்போகிற வண்டி என்று சிவப்பு, பச்சைக் கரை போட்டு நெய்து கொடுத்தார். ரஹ்மத்துக்கு மட்டும் முகம் சரியில்லை.

"கோரை வழுக்கும் அண்ணாச்சி. படுக்கத்தான் அது நல்லாருக்கும்."

"வழுக்குதுங்கதெல்லாம் ஓட்டத் தெரியாதவன் சொல்லுதது," என்றார் ஒட்டகத்தார்.

புரட்டாசிக் கடைசி. அதே மலையடிவாரம். மிக்ஸி கேட்ட வீட்டுக்கும் மேலே, கடைசி ஊருக்குப் போகிற ஏற்றம். சுவரைக் கொஞ்சம் சாய்த்து வைத்ததுபோல ஒரு பாதை. அதில் வண்டி ஏறிவிட்டால் எடுத்துக்கொள்வதாக ரஹ்மத் சொல்லியிருந்தாள். மதினியும் வந்திருந்தாள், தன் தம்பி ஏற்றத்தின் அடியில் வைத்திருக்கிற டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பெங்களூருக்கு எந்தெந்தப் பாத்திரத்தை எடுத்துப்போவது என்று சத்தமாக யோசித்துக்கொண்டிருந்தாள். முதலில் தானே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஒட்டகத்தார் ஒற்றைக்காலில் நின்றார். பார்சல் கனத்துக்கு நான். அவருடைய இரண்டு கால்களும் அன்று தரையைத் தொட்டன. ஆனாலும் பழக்கத்தில், "எடும்" என்றார்.

எடுத்தேன்.

வண்டி ஏறியது. ஐயோ, என்ன ஏற்றம். மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, கல்லைப் பின்னால் வாரி இறைத்துக்கொண்டு, மலையே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஏறியது. பாதி ஏற்றத்தில் என் அடியிலிருந்து பூமி நகர்வதுபோல ஒரு சுகமான உணர்ச்சி. பத்தமடைப் பாய் தன் குணத்தைக் காட்டிவிட்டது. வெண்ணெய்மேல் வைத்த வெல்லம்போல நான் பின்பக்கமாகப் போனேன். போகிறவன் சும்மா போகவில்லை, ஒட்டகத்தாரின் இடுப்பைப் பிடித்திருந்தேன். அவரும் கூடவே வந்தார். கூடையைத் தாண்டி, உட்கார்ந்த நிலை மாறாமல், இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சரளையில் இறங்கி, இன்னும் கொஞ்ச தூரம் கீழ்நோக்கிச் சவாரி செய்தோம்.

வண்டி எங்களைக் கவனிக்கவே இல்லை. அந்த வண்டிக்கு ஆக்சிலேட்டர் வயர் அவ்வப்போது பிடித்துக்கொள்கிற வியாதி உண்டு. யாருமில்லாமல், முன்னைவிட உற்சாகமாக, மிச்ச ஏற்றத்தையும் தானே ஏறி, உச்சியிலிருந்த கறையான் புற்றில் சாய்ந்து நின்றது.

நான் எழுந்து என் எலும்புகளைக் கணக்கெடுத்தேன். ஒட்டகத்தார் எழவில்லை. சரளையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். காயமில்லை. ஆனால் அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்திருக்கிற ஒருவரின் முகம் அது. கீழே மதினிகூடப் பாத்திரப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"புள்ள சொல்லிச்சி," என்றார் மெல்லிய குரலில். "நாந்தான் கேக்கல."

ரஹ்மத் எங்களைக் கடந்து மேலே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது, சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. உச்சிக்குப் போய் வண்டியை நிமிர்த்தி எஞ்சினை அணைத்தாள். சீட்டிலிருந்த பாயைப் பிரித்தெடுத்து மடித்துப் பையில் வைத்தாள். அந்த இடத்தில் ஒரு பார்சல் சாக்கை விரித்துக் கட்டினாள். ஒரே உதை. ஏறி உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றிப் பார்த்தாள், ஆற்றில் இறங்குமுன் ஆழம் பார்க்கிறவள்போல. இறங்கிவந்தாள். திரும்பி ஏறினாள். மறுபடி இறங்கி எங்கள் முன்னால் நின்றாள்.

"ஆளில்லாமலே ஏறுது," என்றாள். "நான் இருந்தா ஏறாதா அண்ணாச்சி? எடுத்துக்கிடுதேன். வயர மட்டும் பாத்துக் குடுங்க."

ஒட்டகத்தார் எழுந்தார். வயரை அங்கேயே கழற்றி, எண்ணெய் விட்டு, மாட்டிக் கொடுத்தார். அப்புறம் மகனுக்குப் போன் போட்டார். "ஒரு ஆளு கேட்டல்லா? ஆளு வந்துட்டு," என்றார். போனை மதினியிடம் கொடுத்துவிட்டு வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மதினி, "ஒங்கப்பா பல்லெல்லாம் மண்ணு. அப்புறமா பேசுவாரு," என்று வைத்தாள்.

ஷெட் இருக்கிறது. அடுத்த ஒட்டகத்துக்கு இன்னும் பாதி எலும்பு சேரவில்லை. இப்போது அவருக்கென்று ஓட்ட வண்டி கிடையாது. ஆனால் மனிதர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். செல்போனில் ஆர்டர் போடப் பழகிக்கொண்டார். திருகாணி, வாஷர், பல்பு, எது கிடைத்தாலும் ஒவ்வொன்றாகப் போடுவார். விலாசம் டவுண் இல்லை. ஏற்றத்துக்கு மேலே, கடைசி ஊரில் மைத்துனன் வீடு. பார்சல் வருகிற அன்று என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் ஏற்றத்தின் அடியில் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். தூரத்தில் சத்தம் கேட்கும். நீலப் புகை வரும். தலையில் முக்காடும் ஹெல்மெட்டுமாக ரஹ்மத் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டு, நிற்காமல் மேலே ஏறுவாள். உச்சியில் சத்தம் அடங்குகிற வரை அவர் டீயைத் தொட மாட்டார்.

ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல். வாஷர் ஒன்று வருகிற நாள்; போகமுடியவில்லையே என்று படுக்கையில் புரண்டார். நான் தனியாகப் போய், குடையைப் பிடித்துக்கொண்டு, வண்டி ஏறுகிற சத்தத்தைச் செல்போனில் பிடித்துவந்து அவர் காதருகே வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"ஈரத்துல ரெண்டாவது கியருல ஏறணும். புள்ள மூணுல ஏத்துதாள்," என்றார். கண்ணைத் திறக்காமலே, "ஏறிட்டாள்லா?" என்று கேட்டார்.

ஏறிவிட்டாள் என்றேன்.

"இன்னொரு தரம் போடும்வே."

போட்டேன். அவர் தூங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகும் போட்டுக்கொண்டிருந்தேன்.